தாக்கும் செல்லும் தயங்கும் செல்லும்

புதுச்சேரியிலிருந்து திண்டிவனம் செல்லும் சாலையில் கோரிமேட்டில் அமைந்துள்ள ஜிப்மர் மருத்துவமனை, முண்டியம்பாக்கத்தில் 2010இல் அரசு மருத்துவக் கல்லூரி வந்த பின்னரும், விழுப்புரம், திண்டிவனம் வட்டார மக்களுக்குச் சிக்கலான நோய் என்றதும் நினைவுக்கு வரும் இடமாகவே இருந்து வருகிறது. மூட்டுவலியும் கன்னங்களில் செந்தடிப்புமாக வரும் இளம்பெண் அங்கு நோயெதிர்ப்பியல் பிரிவுக்கும், மலத்தில் இரத்தம் போவதை மூலம் என்று எண்ணிப் பல மாதம் கைவைத்தியம் பார்த்துவிட்டு வரும் நடுவயதினர் குடல் அறுவைப் பிரிவுக்கும் அனுப்பப்படுகின்றனர். முன்னவருக்கு லூபஸ் என்றும் பின்னவருக்கு மலக்குடல் புற்றுநோய் என்றும் உறுதியானால், ஒன்றுக்கொன்று தொடர்பற்றவையாகத் தோன்றும் இவ்விரு நோய்களிலும் இன்றைய ஆய்வாளர்கள் உற்றுநோக்குவது ஒரே வகைச் செல்களைத்தான்.

லூபஸ் என்பது வேலியே பயிரை மேயும் நோய். கிருமியை எதிர்க்க வேண்டிய வெள்ளணுக்கள் உடலின் சொந்தத் திசுக்களையே பகையாகக் கொள்வதால் தோல், மூட்டு, சிறுநீரகம் எனப் பல உறுப்புகள் பழுதடைகின்றன. பாதிக்கப்படுவோரில் பத்தில் ஒன்பது பேர் பெண்கள். இறந்த செல்களிலிருந்து சிதறும் டிஎன்ஏவை, டிஎல்ஆர் 9 என்னும் உணர்வி கிருமியின் டிஎன்ஏ என்று தவறாக எடுத்துக்கொள்ளும்போது, டென்ட்ரிடிக் எனப்படும் நோயெதிர்ப்புச் செல்களில் ஒரு வகை, இன்டர்ஃபெரான் என்னும் எச்சரிக்கைப் புரதத்தைப் பெருமளவில் சுரக்கிறது. அந்தத் தூண்டுதலால் பி செல்கள் தன்னுடலுக்கு எதிரான பிறபொருளெதிரிகளை உருவாக்கத் தொடங்குகின்றன. ஜிப்மர் நோயெதிர்ப்பியல் துறையினர் 2015இல் வெளியிட்ட ஆய்வொன்று, தென்னிந்தியத் தமிழர் லூபஸுக்கு ஆட்படுவதில், டிஎல்ஆர் 2, டிஎல்ஆர் 9 ஆகிய மரபணுக்களின்மீது இயற்கைத் தேர்வு செலுத்திய அழுத்தத்துக்குப் பங்கிருக்கலாம் என்ற கருத்தை முன்வைத்தது. தொற்றுநோய்களுக்கு நடுவே உயிர்பிழைக்கக் கூர்மையடைந்த உணர்வியே பிற்காலச் சந்ததிக்குத் தொல்லையாகிறது என்னும் இக்கருத்து, மேலும் சோதிக்கப்பட வேண்டியதாயினும், எளிதில் ஒதுக்கத்தக்கதன்று. மலேரியா மருந்தாக அறிமுகமான ஹைட்ராக்சிகுளோரோகுவின் லூபஸ் நோயாளிகளின் அன்றாட மாத்திரையாக இருப்பதற்கும், அது இந்த உணர்விகளை மட்டுப்படுத்துவதே ஒரு காரணம்.

இத்தகைய தவறுகள் எல்லோரிடமும் நோயாக முற்றாதபடி அடக்கி வைப்பவை ஒழுங்காற்று டி செல்கள் என்னும் வெள்ளணுக்கள்; இரு நோய்களிலும் ஆய்வாளர்கள் உற்றுநோக்குவது இவற்றைத்தான். ஜப்பானிய அறிஞர் ஷிமோன் சகாகுச்சி 1995இல் இவற்றை அடையாளம் காட்டினார். அவருக்கும், இச்செல்களை இயக்கும் ஃபாக்ஸ்பி3 மரபணுவைக் கண்டறிந்த மேரி பிரன்கோ, ஃபிரெட் ராம்ஸ்டெல் ஆகியோருக்கும் 2025ஆம் ஆண்டின் மருத்துவ நோபல் பரிசு வழங்கப்பட்டது. லூபஸில் இந்த அடக்குமுறை தளர்ந்துவிடுகிறது. புற்றுக்கட்டியிலோ, தாக்க வந்த டி செல்களையும் செயலிழக்கச் செய்யும் அளவுக்கு அது மிகுந்துவிடக்கூடும். ஆயினும் குடல் புற்றில் இச்செல்கள் மிகுந்திருப்பதை எப்போதும் தீக்குறி என்று கொள்ள முடியாது. மாறான முடிவுகளைக் காட்டிய ஆய்வுகளும் உள்ளன.

மலக்குடல் புற்றுக்கு அறுவையே இன்றும் அடிப்படைச் சிகிச்சை. மலக்குடலை அதைச் சூழ்ந்த கொழுப்புறையோடு கிழிபடாமல் முழுமையாக அகற்றும் முறையை ஆங்கிலேய அறுவை மருத்துவர் பில் ஹீல்ட் 1982இல் விளக்கிய பின்னர், அதே இடத்தில் புற்று மீண்டும் தோன்றுவது வெகுவாகக் குறைந்தது. கட்டி ஆசனவாய்க்கு மிக அருகில் இருந்தால் மட்டும் வயிற்றில் நிரந்தரமாக மலம் சேரும் பை வைக்க நேரிடும். நோயாளிகள் புற்றைக் காட்டிலும் அஞ்சுவது பெரும்பாலும் இந்தப் பையைத்தான். ஆகவேதான் நியூயார்க்கின் மெமோரியல் ஸ்லோன் கெட்டரிங் மருத்துவமனை 2022இல் அறிவித்த முடிவு உலகெங்கும் பேசப்பட்டது. டி செல்லின் மேற்பரப்பில் உள்ள பிடி-1 என்னும் தடுப்புப் புரதத்தை மறிக்கும் டோஸ்டார்லிமாப் மருந்தை மூன்று வாரத்துக்கு ஒருமுறையாக ஆறு மாதம் பெற்று முடித்த 12 பேருக்கும், கத்தியோ கதிர்வீச்சோ இன்றியே கட்டி கண்ணுக்குத் தெரியாமல் மறைந்தது. ஆனால் இம்மருந்து அனைவருக்கும் உரியதன்று. டிஎன்ஏ பிழைகளைத் திருத்தும் புரதங்கள் இல்லாத கட்டிகளுக்கு மட்டுமே இச்சோதனை செய்யப்பட்டது. மலக்குடல் புற்றுகளில் அத்தகையவை நூற்றில் ஐந்து முதல் பத்துதான். பயாப்சிக்கு எடுத்த சதைத்துணுக்கிலேயே பிழை திருத்தும் அந்தப் புரதங்கள் நான்கும் உள்ளனவா என்று சாயமிட்டுப் பார்த்துவிடலாம் என்பதால், சிகிச்சையைத் தொடங்குமுன் அப்பரிசோதனை செய்யப்பட்டதா என்று நோயாளி கேட்டறிவது நல்லது.

லூபஸ் உள்ள ஒருவருக்கே மலக்குடல் புற்றும் வருமானால் மருத்துவரின் நிலை இக்கட்டானது. டி செல்களைக் கட்டவிழ்க்கும் மருந்து லூபஸைக் கிளறிவிடக்கூடும். லூபஸை அடக்கும் ஸ்டீராய்டோ, நீண்டநாள் உட்கொள்ளப்பட்டால் குடலை வெட்டி இணைத்த தையல் ஆறுவதைத் தாமதப்படுத்தும். அதற்காக அறுவைக்கு முன் ஸ்டீராய்டைத் தாமாகவே திடீரென நிறுத்துவோருக்கு இரத்த அழுத்தம் சரிந்து உயிருக்கே ஆபத்து நேரிடும். எனவே உட்கொள்ளும் மாத்திரைகளின் அட்டைகளை ஒன்றுவிடாமல் எடுத்துச் சென்று அறுவை மருத்துவரிடமும் மயக்க மருத்துவரிடமும் காட்டுவது இன்றியமையாதது.