மாட்டுக்கொட்டகைப் புல்லட்டுக்கு என்ன விலை?

“2015 டிசம்பர்ல வண்டி எங்கம்மா நின்னுச்சு?”

படப்பையை ஒட்டிய ஒரு கிராமம். ஓடு சரிந்த கொட்டகைக்குள் குனிந்து நுழைந்ததும் மெக்கானிக் கேட்ட முதல் கேள்வி இதுதான். வண்டியை அவர் இன்னும் தொடக்கூட இல்லை. வைக்கோல் தூசிக்கும் கிழிந்த உரச்சாக்குகளுக்கும் நடுவே, காற்றிறங்கிய டயரோடு சாய்ந்து நின்றது 1972ஆம் வருடத்து 350 புல்லட். வீட்டுக்கார அம்மா சற்று யோசித்துவிட்டுச் சொன்னார்: “இங்கயேதாண்ணே. தண்ணி வாசப்படி வரைக்கும் வந்துச்சு, உள்ள ஏறல.” அதற்குப் பிறகுதான் மெக்கானிக் டார்ச்சை எடுத்தார்.

தாம்பரத்தில் பல வருடமாகப் பட்டறை நடத்துபவர் அவர். இந்தப் பக்கம் வண்டி பார்க்கப் போனால் வெள்ளத்தைக் கேட்காமல் விலை பேசக் கூடாது என்பார். அடையாறு தலையெடுக்கும் ஏரிகள் இங்கேதான் இருக்கின்றன. அந்த டிசம்பரில் வரதராஜபுரமும் முடிச்சூரும் மூழ்கியதை யாருக்கும் சொல்ல வேண்டியதில்லை. சேற்று நீரில் ஊறிய வண்டிகளைக் கழுவி, பெயின்ட் அடித்து, கைமாற்றிவிட்டார்கள். வெளியே பார்த்தால் தெரியாது. ஹெட்லைட்டைக் கழற்றினால் உட்புறத்தில் வண்டல் படிந்த கோடு இருக்கும். பிரேக் டிரம்முக்குள் செம்மண் இருக்கும். கிராங்க் பேரிங்கில் அரிப்புப் புள்ளி விழுந்திருந்தால், எஞ்சினை முழுசாகப் பிரிப்பதைத் தவிர வேறு வழியில்லை.

பழைய பைக்கை வாங்கிப் புதுப்பிக்கிற ஆசை இப்போது இளைஞர்களிடம் பரவியிருக்கிறது. ஆர்எக்ஸ் 100, யெஸ்டி, ஜாவா, ராஜ்தூத் என்று ஆளுக்கொரு கனவு. எல்லோரும் செய்யும் தப்பு ஒன்றுதான்: பளபளப்புக்குக் காசு கொடுக்கிறார்கள். என் கணக்கில், துருப்பிடித்துக் கை படாமல் கிடக்கும் வண்டிக்கே அதிக மதிப்பு. பெயின்ட் அடித்த வண்டியில் எதை மறைத்திருக்கிறார்கள் என்று தேட வேண்டும். துருவில் ஒளிவு மறைவு கிடையாது.

மெக்கானிக் பெரியவர் சட்டைப்பையில் ஒரு சிறு காந்தம் வைத்திருக்கிறார். டேங்க், மட்கார்டு, டூல் பாக்ஸ் மீதெல்லாம் அதை இழுத்துக்கொண்டே போகிறார். ஒட்டாமல் நழுவுகிற இடத்தில் தகரம் போய்ப் பட்டி பூசியிருக்கிறது என்று அர்த்தம். அடுத்து எஞ்சின் மூடியின் ஸ்குரூ தலைகளை ஒவ்வொன்றாகப் பார்க்கிறார். காடி சிதையாமல் இருந்தால், அரைகுறைக் கை எதுவும் உள்ளே போகவில்லை. பழைய புல்லட்டின் மரைகள் ஆங்கிலேய அளவு. அதில் இன்றைய மெட்ரிக் போல்ட்டைத் திணித்து முறுக்கியிருந்தால் அலுமினிய உறையின் மரையே போயிருக்கும். அதை லேத் பட்டறையில் சரி செய்யும் செலவைப் புதிதாக வாங்குகிறவர்கள் கணக்கில் சேர்ப்பதே இல்லை.

அவர் கிக்கரை மிதிக்கவில்லை. பல வருடம் நின்ற எஞ்சினை எடுத்தவுடன் மிதிப்பது பாவம் என்கிறார். பிளக்கைக் கழற்றி, துவாரத்தில் கொஞ்சம் ஆயில் விட்டு, வலது காலால் டாப் கியரில் போட்டு, பின்சக்கரத்தை முன்னும் பின்னும் மெதுவாக அசைத்தார். முதலில் அசையவில்லை. கொஞ்ச நேரம் கழித்து மறுபடி அசைத்தபோது உள்ளே பிஸ்டன் இறங்கியது தெரிந்தது. “போர் அடிச்சு ஓவர்சைஸ் பிஸ்டன் போட்டா போதும் தம்பி. ஜாம் ஆகல.”

எழுபது மில்லிமீட்டர் போர், தொண்ணூறு ஸ்ட்ரோக், 346 சி.சி. இந்த அளவு பல பத்தாண்டுகள் மாறாமல் இருந்ததால் எஞ்சின் சாமான் கிடைப்பதில் கவலையில்லை. 1956இல் திருவொற்றியூரில் இங்கிலாந்திலிருந்து வந்த பாகங்களைப் பூட்டி அந்த வருடம் உருவான புல்லட்டுகள் 163. தாய்க் கம்பெனி 1970இல் அங்கே மூடப்பட்ட பிறகும் இங்கே உற்பத்தி நிற்கவில்லை. ஜாவாவின் கதை வேறு. மைசூர் தொழிற்சாலை 1996இல் மூடியதால், நசுங்காத சைலன்சரோடு நிற்கும் ஜாவா என்றால் அதற்கென்றே கூடுதல் விலை வைக்கலாம். விலை போடும்போது இருப்பதைக் கூட்டாதீர்கள். இல்லாததைக் கழியுங்கள். கேபிளும் ரப்பரும் எந்தக் கடையிலும் கிடைக்கும். வண்டியோடு வந்த ஸ்பீடோமீட்டர், டேங்க் சின்னம், கையாலேயே இழுத்த தங்கக் கோடு, இதெல்லாம் போனால் போனதுதான். இந்தப் புல்லட்டின் டேங்க்கில் அந்தக் கோடு பாதி மங்கி இன்னும் இருந்தது. பெரியவர் அதைத் துணியால்கூடத் துடைக்கவில்லை, விரலால் தொட்டுப் பார்த்ததோடு சரி.

ரெடியாக ஓடுகிற வண்டியாக வாங்கிவிட்டால் அலைச்சல் மிச்சம் என்று சொல்கிறவர்களும் உண்டு. அது அவரவர் வசதி.

எஞ்சினையும் டேங்கையும் காசு கொடுத்துச் சரி செய்துவிடலாம். என் கவலை ஆர்.சி. புத்தகத்தைப் பற்றியது.

இந்தப் புல்லட்டை வாங்கியவர் அந்த அம்மாவின் மாமனார். அவர் இறந்து பல வருடமாகிறது. வண்டி இன்னும் அவர் பெயரிலேயே இருக்கிறது. உரிமையாளர் இறந்தால் வாரிசு 30 நாளுக்குள் ஆர்.டி.ஓ. அலுவலகத்துக்குத் தெரிவிக்க வேண்டும், மூன்று மாதத்துக்குள் படிவம் 31இல் பெயர் மாற்றக் கேட்க வேண்டும். துக்க வீட்டில் கொட்டகையில் நிற்கும் வண்டியை யார் நினைப்பார்கள்? பிறகு பிள்ளைகளுக்குள் பாகம் பிரிகிறது. புத்தகம் எந்தப் பெட்டியில் போனதென்று தெரியாது. சேஸிஸ் நம்பரும் எஞ்சின் நம்பரும் புத்தகத்தோடு ஒத்துப்போனால்தான் அது வண்டி. புத்தகம் இல்லாவிட்டால், எவ்வளவு அழகாகப் புதுப்பித்தாலும் ரோட்டில் இறக்க முடியாது. அந்த இக்கட்டில்தான் சிலர் நம்பரை ராவிவிட்டு வேறு வண்டியின் நம்பரைத் தட்டுகிறார்கள். எழுத்துகள் கோணலாகவோ, சுற்றிலும் அரம் பட்ட தடத்தோடோ இருந்தால் விலை கேட்காமலே திரும்பி வந்துவிடுங்கள்.

2021 ஜூலையில் வந்த மத்திய விதியும் இதையே வலியுறுத்துகிறது. முதல் பதிவிலிருந்து 50 வருடம் தாண்டி, சேஸிஸும் எஞ்சினும் மாற்றப்படாமல் அசல் நிலையில் இருந்தால்தான் அது விண்டேஜ் வண்டி. புதிதாகப் பதிய 20,000 ரூபாய், பத்து வருடம் செல்லும், நம்பரில் ‘விஏ’ என்ற எழுத்துகள் வரும். ஏற்கெனவே பதிவானவை பழைய நம்பரையே வைத்துக்கொள்ளலாம். தினசரி ஓட்ட அனுமதியில்லை என்பது மட்டும் குறை. கொட்டகைப் புல்லட்டுக்கு வயது தகுதி இருக்கிறது. அசல் நிலையும் இருக்கிறது. புத்தகம்தான் இல்லை.

வண்டலூர்–வாலாஜாபாத் சாலையில் இப்படி எத்தனை கொட்டகைகள் இருக்கும் என்று யோசித்துக்கொண்டே வந்தேன். ஒரகடத்தில் தொழிற்சாலைகள் வந்தன. புல்லட்டின் புதிய தொழிற்சாலையும் 2013இல் அங்கேதான் வந்தது. வயலெல்லாம் மனையாகிறது. மனை விற்றதும் முதலில் இடிபடுவது கொட்டகை. பழைய பம்ப்செட்டு, தகரம், கலப்பைக் கொழு எல்லாவற்றோடும் புல்லட்டும் காயலாங்கடைத் தராசில் ஏறும். நூற்றைம்பது கிலோவுக்கு மேல் இரும்பு என்பது மட்டும்தான் அங்கே அதன் மதிப்பு. அப்புறம் புதுப்பேட்டையில் பிரிந்து, எஞ்சின் ஒரு ஊருக்கும் சேஸிஸ் இன்னொரு ஊருக்கும் போய்விட்டால், அந்த ஜோடியை யாராலும் மறுபடி சேர்க்க முடியாது. வீட்டில் பழைய வண்டி நிற்கும் வாசகர்களிடம் கையெடுத்துக் கேட்கிறேன்: விற்காவிட்டாலும் பரவாயில்லை, புத்தகத்தைத் தேடி எடுத்து, உயிரோடு இருக்கும் ஒருவர் பெயருக்கு மாற்றி வையுங்கள்.

பெரியவர் கடைசிவரை விலை சொல்லவில்லை. அந்த அம்மா இரண்டு முறை கேட்டுவிட்டார். “புக்கு கெடைச்சா ஒரு வெல, கெடைக்கலன்னா வேற வெலம்மா. உங்க மாமனாரோட பெட்டி எங்க இருக்கு?” என்றார். பரண்மேல் இருந்த தகரப் பெட்டியை அந்த அம்மாவின் மகன் இறக்கி வைத்தான். பட்டாவும் கிஸ்தி ரசீதுகளும் ஒரு கல்யாணப் பத்திரிகையும் இருந்தன. புத்தகம் இல்லை. மூத்த நாத்தனார் வீட்டில் இன்னொரு பெட்டி இருக்கிறதாம், வாலாஜாபாத்தில். ஞாயிற்றுக்கிழமை போய்ப் பார்ப்பதாகச் சொல்லியிருக்கிறார்கள். அதுவரை கொட்டகையை இடிக்க வேண்டாம் என்று பெரியவர் இரண்டு தடவை சொல்லிவிட்டு வந்தார்.