ஆயாவின் நகக்கீறல்

குழந்தைகளின் மனம் வளரும் விதத்தை ஆராய்ந்தே புகழ்பெற்றவர் சுவிட்சர்லாந்தின் ழான் பியாஜே. அவருடைய ஆரம்பகால நினைவுகளில் ஒன்று பாரிஸில், ஷான்செலிசே சாலையில் நடந்தது. வயது 2 இருக்கும். தள்ளுவண்டியில் இருந்த அவரை ஒருவன் தூக்கிப் போகப் பார்க்கிறான். இடுப்பு வார் விடவில்லை. ஆயா குறுக்கே பாய்கிறாள்; அவள் முகமெல்லாம் நகக்கீறல். குட்டை மேலங்கியும் வெள்ளைத் தடியுமாகப் போலீஸ்காரர் வந்ததும் அவன் ஓடிவிடுகிறான்.

பியாஜேவுக்கு 15 வயதானபோது ஆயாவிடமிருந்து கடிதம் வந்தது. இரட்சணிய சேனையில் சேர்ந்திருந்த அவள் பழைய தவறுகளை ஒப்புக்கொள்ள விரும்பினாள். கடத்தல் முழுக்கக் கட்டுக்கதை, கீறலும் போலி. வெகுமதியாகக் கிடைத்த கடிகாரத்தையும் திருப்பிக் கொடுத்தாள். வீட்டில் திரும்பத் திரும்பக் கேட்ட கதைக்குத் தன் மனமே படம் வரைந்திருக்கிறது என்று பியாஜே புரிந்துகொண்டார். ஆனாலும் பல ஆண்டு கழித்து எழுதியபோதும் அந்தக் காட்சி அவர் கண்முன் நின்றது. மெட்ரோ நிலையத்துக்குப் பக்கம் என்று இடம்கூடச் சொன்னார். அவர் பிறந்தது 1896இல். பாரிஸில் மெட்ரோ ஓடத் தொடங்கியது 1900இல்! வாசகருக்கு அடையாளம் காட்டத்தான் சொன்னாரோ, என்னவோ.

முதல் இரண்டு மூன்று வருடங்கள் நமக்கு ஏன் நினைவில் நிற்பதில்லை? அந்த வயதில் மூளையின் ஹிப்போகாம்பஸ் பகுதியில் புதிய நரம்பணுக்கள் மளமளவென்று பிறந்து பழைய இணைப்புகளைக் குலைக்கின்றன என்பது எலிகளை வைத்துச் செய்த ஆய்வுகள் தரும் ஒரு விளக்கம். ஆனால் 2018இல் வெளியான ஓர் ஆய்வில், 6,641 பேரில் ஏறக்குறைய 10க்கு 4 பேர் தங்கள் முதல் நினைவு 2 வயதிலோ அதற்கும் முன்போ நடந்தது என்றார்கள்.

அவற்றில் பலவும் பியாஜேவின் கடத்தல் கதைபோல இருக்கலாம். பொய் என்றாலும் நினைவு சும்மா இருப்பதில்லை. 2008இல் வெளியான இன்னோர் ஆய்வில், சிறுவயதில் முட்டை சாலட் சாப்பிட்டு உடம்பு கெட்டது என்று சிலரிடம் பொய்யாகச் சொல்லிவைத்தார்கள். அதை நம்பியவர்கள் 4 மாதம் கழித்தும் முட்டை சாலட் சாண்ட்விச்சைக் குறைவாகவே சாப்பிட்டார்கள். முட்டைக்கே இந்தக் கதி. "இவன் அப்பவே பயந்தாங்கொள்ளி, நாயைப் பார்த்து ஓடினான்" என்று விருந்தாளிகள் முன்னால் பத்துத் தடவை சொல்லக் கேட்ட பிள்ளை? அந்த நாயின் நிறம்கூட அவனுக்கு ஞாபகம் இருக்கும்.

இரட்டையர்களிடம் 2001இல் இன்னும் வேடிக்கையான ஒன்று தெரியவந்தது. ஒருவருக்கு மட்டும் நடந்த சம்பவத்தை இருவருமே 'எனக்குத்தான்' என்கிறார்கள். விழுந்தது யார், அழுதது யார் என்பதில் இருவருமே விட்டுக்கொடுப்பதில்லை. பெற்றோரைக் கேட்கலாம். அவர்கள் கண்டதைச் சொல்கிறார்களா, ஆயா சொன்னதையா?