நீல் தீவுல அஞ்சு மணிக்கே இருட்டிடும்

இந்த எபிசோட் ஒரு வெகேஷன் கதை, கூடவே கொஞ்சம் சயின்ஸ்.

டிசம்பர் முதல் வாரம் நானும் என் மனைவியும் அந்தமான்ல நீல் தீவுக்குப் போனோம். 2018-ல அதுக்கு ஷஹீத் த்வீப்னு பேர் மாத்தியாச்சு, ஆனா அங்க நாங்க பார்த்தவங்க நிறைய பேர் இன்னும் நீல்னுதான் சொல்றாங்க. கல்யாணமாகி ரெண்டு வருஷம், ரெண்டு பேருக்கும் வேற வேற ஷிஃப்ட். ஒரு நாள் முழுக்க ஒண்ணா சும்மா சுத்தணும், அவ்வளவுதான் ஆசை. அதுக்கு நான் பண்ணது என்னன்னா, ஒன்பது இடம், நேரத்தோட ஒரு ஷீட்.

"இது லீவா, ஸ்பிரின்ட்டா?"ன்னு கேட்டா.

முதல் ஐட்டம், காலைல 10 மணி, லக்ஷ்மண்பூர் 2 கடற்கரையில இருக்கிற இயற்கைப் பாலம். அலை அரிச்சு அரிச்சு பாறையில உண்டான பெரிய வளைவு. "இப்ப தண்ணிதான் இருக்கும், மூணு மணிக்கு வாங்க"ன்னு ஆட்டோ அண்ணன் சொன்னார். நான் கேக்கல. போனா, நடக்க வேண்டிய பாறைத்தரை முழுக்க கடலுக்குள்ள. அவ வழுக்கி முட்டியில சிராய்ச்சுக்கிட்டா. அதுக்கப்புறம் ரொம்ப நேரம் பேச்சே இல்ல.

அண்ணனுக்கு எப்படித் தெரியும்? அன்னைக்கு பௌர்ணமி. அங்க ஒரு நாளைக்கு ரெண்டு தடவை கடல் ஏறும், ரெண்டு தடவை வத்தும். நிலா பூமியைச் சுத்தி நகர்ந்துக்கிட்டே இருக்கிறதால இந்த நேரம் தினமும் கிட்டத்தட்ட 50 நிமிஷம் தள்ளிப்போகும். பௌர்ணமி, அமாவாசை சமயத்துல சூரியனும் நிலாவும் சேர்ந்து இழுக்கும். அதனால ஏத்தமும் ஜாஸ்தி, வத்தலும் ஜாஸ்தி. அன்னைக்கு காலைல முழு ஏத்தம், கடல் நல்லா வத்துறது சாயங்காலம் நாலு மணி வாக்குல.

இன்னொரு சிக்கல் சூரியன். இந்தியாவுக்கே ஒரே கடிகாரம், அது 82.5 டிகிரி கிழக்கு தீர்க்கரேகையை வெச்சு ஓடுது. நீல் தீவு 93 டிகிரி. ஒரு டிகிரிக்கு 4 நிமிஷம்னா 42 நிமிஷம் முன்னாடியே அங்க எல்லாம் நடந்துடும். சென்னையில டிசம்பர் தொடக்கத்துல சூரியன் மறையறது 5:40 வாக்குல. அங்க அஞ்சுக்கு முன்னாடியே மறைஞ்சிடுது.

ஆக, பாலமும் லக்ஷ்மண்பூர் 1-ல சன்செட்டும் ஒரே நேரத்துல வந்து மோதுது. ரெண்டுல ஒண்ணுதான். "பாலம்"னு அவ சொன்னா. அன்னைக்கு அவ முதல்ல பேசினது அதுதான்.

மதியம் வரைக்கும் பரத்பூர் கடற்கரையில மரத்தடி, இளநீர், தூக்கம். மூணு மணிக்குத் திரும்பிப் போனோம். காலைல கடலா இருந்த இடத்துல பாறைக்குழிகள், ஒவ்வொண்ணுலயும் கொஞ்சம் தண்ணி. நண்டு, குட்டி மீன், கடல் அட்டை. பவளம் உயிருள்ளது, மிதிச்சா செத்துடும். அதனால வெறும் பாறையில மட்டும் கால் வெச்சு நடங்க. துண்டு பவளம்கூட எடுத்துட்டு வராதீங்க, வனவிலங்கு பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். ரப்பர் செருப்பு வழுக்கும், கிரிப் உள்ள சாண்டல் போடுங்க. அவ முட்டி சாட்சி.

நீங்க போறதா இருந்தா, போர்ட் பிளேர் டைட் டேபிளை முதல்ல பாருங்க. கடல் நல்லா வத்துற நேரத்துக்கு ஒரு மணி நேரம் முன்னாடி போய், தண்ணி ஏற ஆரம்பிச்சதும் திரும்பிடுங்க.

நாங்க கரைக்கு வர்றப்போ வெளிச்சம் போயிட்டே இருந்தது, ஃபோன் டார்ச் போட்டுத்தான் ஆட்டோ வரைக்கும் வந்தோம். ஷீட்ல இன்னும் ஏழு இடம் பாக்கி இருந்தது. ராத்திரி ஓப்பன் பண்ணா, ஏழுக்கும் அவ ஸ்டேட்டஸ் மாத்தியிருந்தா: "வோன்ட் ஃபிக்ஸ்".