ஃபாரடேயின் மேடைப் பாடம்

விஞ்ஞானி மைக்கேல் ஃபாரடே மேடையில் பேசக் கற்றது, பிறர் பேச்சை உன்னிப்பாகக் கேட்டுத்தான். லண்டனில் புத்தகம் பைண்டு செய்யும் கடையில் தொழில் பழகிய அவர், 1812-இல் ராயல் இன்ஸ்டிடியூஷன் என்ற அறிவியல் நிறுவனத்தில் வேதியியலாளர் ஹம்ப்ரி டேவியின் சொற்பொழிவுகளைக் கேட்டுக் குறிப்பெடுத்தார். அவற்றைத் திருத்தி எழுதி, பைண்டு செய்து டேவிக்கே அனுப்பினார். மறு ஆண்டு அங்கே உதவியாளர் வேலை கிடைத்தது.

வேலையில் சேர்ந்த சில மாதங்களில், நல்ல சொற்பொழிவு எப்படி அமைய வேண்டும் என்று நண்பர் பெஞ்சமின் அபட்டுக்கு நீண்ட கடிதங்கள் எழுதினார். 21 வயது இளைஞரின் கடிதங்கள் அவை. பேச்சாளரின் குரலோடு அரங்கின் காற்றோட்டத்தையும் அவர் கணக்கில் எடுத்துக்கொண்டார். புழுக்கத்தில் தவிப்பவரின் மனம் வாசலை நோக்கியே இருக்கும். கருவிகள் எல்லோர் கண்ணிலும் படும்படி இருக்க வேண்டும், பேசுபவர் கூட்டத்துக்கு முதுகு காட்டக் கூடாது, ஒரு மணி நேரத்துக்கு மேல் யாரையும் உட்கார வைக்கக் கூடாது என்பவையும் அந்தக் கடிதங்களில் உண்டு. இத்தனையும் கேட்பவரின் இருக்கையிலிருந்து பார்த்து எழுதியவை. எந்தப் பேச்சுக்கும் தயாரிப்பு அந்த இருக்கையில்தான் தொடங்க வேண்டும்.

குரலுக்குத் தனிப் பயிற்சி எடுத்தார். 1818-இல் பெஞ்சமின் ஸ்மார்ட் என்பவரின் பேச்சுக்கலை வகுப்புகளுக்குப் போய்ப் பக்கம் பக்கமாகக் குறிப்பெடுத்தார். தேர்ந்த பேச்சாளரான பிறகும் ஸ்மார்ட்டை அரங்குக்கு அழைத்துக் குறை சொல்லச் செய்தார். தன் பேச்சின் குறை தனக்குத் தெரியாது என்பதால், ஒத்திகையின்போது எதிரே ஒருவர் இருப்பது அவசியம்.

அவரது பேச்சின் உயிர்நாடி செய்து காட்டுவதுதான். கையை விரித்தால் கல் கீழே விழும் என்று சொல்வதோடு நிறுத்தாமல், கையை விரித்துக் கல்லை விழவிட வேண்டும் என்று இளம் பேச்சாளர் ஒருவருக்கு அறிவுரை கூறினார். 1860-61 கிறிஸ்துமஸ் காலத்தில் சிறுவர்களுக்காக ஆற்றிய ஆறு சொற்பொழிவுகளுக்கும் அவர் எடுத்துக்கொண்ட பொருள் வெறும் மெழுகுவர்த்தி. எரிவது மெழுகின் ஆவி என்பதை விளக்க, சுடரின் நடுவிலுள்ள இருண்ட பகுதியில் கண்ணாடிக் குழாயின் ஒரு முனையை வைத்தார். ஆவி குழாய் வழியே மறுமுனைக்கு வந்தது. அங்கே தீ வைத்ததும் இன்னொரு சுடர் எரிந்தது. அதைப் பார்த்த சிறுவனுக்கு வேறு விளக்கம் தேவையில்லை.

இன்று கருவிகளின் இடத்தைப் பவர்பாயிண்ட் திரை பிடித்துக்கொண்டது. அதில் பத்தி பத்தியாக எழுதிவைத்து, திரும்பி நின்று வாசிப்பவர் அதை வீணடிக்கிறார். வாயால் சொல்ல முடியாத படம், வரைபடம், பொருளின் தோற்றம் ஆகியவற்றுக்கே திரை. முன்னதாகவே போய்க் கடைசி வரிசையில் உட்கார்ந்து பார்த்தால், எந்த எழுத்து தெரியவில்லை என்பது உடனே புரிந்துவிடும்.

நேரத்தில் ஃபாரடே கண்டிப்பானவர். வேகம் கூடினால் 'மெதுவாக' என்ற அட்டையையும், மணி நெருங்கினால் 'நேரம்' என்ற அட்டையையும் உதவியாளர் அவர் முன் வைப்பார். ராயல் இன்ஸ்டிடியூஷனில் அவர் காலத்தில் தொடங்கிய வெள்ளிக்கிழமை மாலைச் சொற்பொழிவுகளில் ஒரு மணி நேர வழக்கம் நிலைத்துவிட்டது. அங்கே பேச வருபவர் மணி அடித்ததும், முகவுரை ஏதுமின்றி, நேரே பொருளுக்குள் நுழைவார்.