பெட்டியில் நான்கு, திரையில் மூன்றரை

அளவு குறைந்தால் ஐயப்படுவது நம் மக்களின் இயல்பு. பால் நிறுக்கும் இடத்தில் தராசு முள்ளைப் பார்த்துப் பழகிய கண்கள் நம்முடையவை. கடையில் வாங்கிய அரிசியை வீட்டில் ஒருமுறை அளந்து பார்க்கும் வழக்கமும் நமக்கு உண்டு. நல்ல வழக்கந்தான். இன்று நம் வீடுகளுக்கு வந்திருக்கும் வன்தட்டையும் அவ்வாறே அளந்து பார்க்கக் கற்றுக்கொள்வோம். கடைக்காரர் இதனை ஹார்ட் டிஸ்க் என்பார்.

பினாங்கு மக்களுக்கு இது அயல் பொருளன்று. 1972இல் பாயான் லெப்பாஸில் சுதந்திர வர்த்தக வட்டாரம் அமைந்தது. 1980களின் பிற்பகுதியில் வன்தட்டுத் தொழிலும் இத்தீவுக்கு வந்தது. ஆலைப் பேருந்து ஏறி மின்னணுத் தொழிற்சாலைகளுக்கு வேலைக்குச் சென்றவர்களில் தோட்டத்துப் பெண்களும் இருந்தார்கள்.

இன்று பல வீடுகளில் கைப்பேசிப் படங்களும் திருமணப் பதிவுகளும் பெருகிவிட்டன. இவற்றையெல்லாம் ஓரிடத்தில் வைக்க, இரண்டு அல்லது நான்கு வன்தட்டுகள் கொண்ட ஒரு சிறு பெட்டியைச் சிலர் வாங்குகிறார்கள். வீட்டுச் சேமிப்புச் சர்வர் என்பது அதுதான். தோட்டம் கைமாறி, லயம் இடிக்கப்பட்ட பிறகு, பாட்டன் பாட்டி வாழ்ந்த இடத்துக்குப் புகைப்படம் ஒன்றே சாட்சி என்ற நிலையில் எத்தனையோ குடும்பங்கள் உள்ளன. அந்தப் படம் இப்போது இந்தப் பெட்டிக்குள் இருக்கிறது. ஆகவே, பெட்டியின் கணக்கு நமக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

வன்தட்டின் மேல் 4 டெராபைட்டு என்று அச்சிட்டிருக்கும். கணினியில் பொருத்தினால் திரை 3.63 என்று காட்டும். கடைக்காரர் ஏமாற்றிவிட்டார் என்று சிலர் சண்டைக்குப் போவார்கள். வேறு சிலர், குறைந்த இடத்தை மீட்பதாக எண்ணி, ஃபார்மட் என்ற பொத்தானை அழுத்திவிடுவார்கள். இரண்டாவதுதான் ஆபத்து. தட்டில் படங்கள் இருந்தால் அவை போய்விடும்.

உண்மையில் இங்கே எதுவும் குறையவில்லை. 100 கெஜம் துணியை மீட்டர் கோலால் அளந்தால் 91.44 மீட்டர் வரும். எண் குறைகிறது, துணி குறைவதில்லை. வன்தட்டின் கதையும் இதுதான். தயாரிப்பாளர் ஆயிரம் ஆயிரமாகப் பெருக்குகிறார். அவருக்கு ஒரு டெராபைட்டு என்பது ஒரு இலட்சம் கோடி பைட்டு. கணினியோ இரண்டின் மடங்கில் எண்ணுவது. இரண்டைப் பத்து முறை பெருக்கினால் 1,024 வரும். விண்டோஸ் அந்த 1,024ஐத்தான் படியாகக் கொள்கிறது. அதன் கணக்கில் ஒரு டெராபைட்டு ஏறத்தாழ ஒரு இலட்சத்துப் பத்தாயிரம் கோடி பைட்டு ஆகிவிடுகிறது. படி பெரிதானால் அளந்த எண்ணிக்கை குறையுமல்லவா?

கெஜத்துக்கும் மீட்டருக்கும் பெயராவது வேறு. இங்கே இரண்டு படிக்கும் ஒரே பெயர் என்பதால்தான் குழப்பம். 1998இல் சர்வதேச மின்தொழில்நுட்ப ஆணையம் பெரிய படிக்குக் கிபிபைட்டு, டெபிபைட்டு என்று தனிப் பெயர்கள் கொடுத்தது. ஆயினும் அவை மக்கள் வழக்கில் பரவவில்லை. அமெரிக்காவில் இது வழக்காகவும் ஆயிற்று. 2006இல் வெஸ்டர்ன் டிஜிட்டல் நிறுவனமும், 2007இல் சீகேட் நிறுவனமும் வாடிக்கையாளர்களோடு சமரசம் செய்துகொண்டன. 2009 முதல் ஆப்பிள் கணினிகள் ஆயிரக் கணக்குக்கு மாறிவிட்டன. ஆதலால் அதே தட்டு ஒரு கணினியில் 4 என்றும், இன்னொன்றில் 3.63 என்றும் தெரியலாம்.

இனி, சோதிக்கும் முறையைப் பார்ப்போம்.

முதலாவது, தட்டின் மேலுள்ள டெராபைட்டு எண்ணை 0.91ஆல் பெருக்குங்கள். 2 என்றால் 1.82, 8 என்றால் 7.28. திரையில் ஏறக்குறைய இதே எண் இருந்தால் குறையில்லை. பெட்டி தன் சொந்த வேலைக்காகவும் கொஞ்சம் இடம் எடுத்துக்கொள்ளும்.

இரண்டாவது, பெட்டிக்குள் எத்தனை தட்டுகள், எந்த அளவு என்று பாருங்கள். ஒன்றின் நகல் மற்றொன்றில் இருக்கும்படி அமைத்திருந்தால் சிறிய தட்டுதான் கணக்கு. 4 டெராபைட்டும் 2 டெராபைட்டும் சேர்ந்தால் கிடைப்பது 2 மட்டுமே. மூன்று 4 டெராபைட்டுத் தட்டுகளில் ஒன்றின் அளவைப் பாதுகாப்புக்கு ஒதுக்கினால் மிஞ்சுவது 8. சமமில்லாத இரண்டு மாடுகளைப் பூட்டினால், வண்டி மெதுவான மாட்டின் வேகத்தில்தானே போகும்!

மூன்றாவது, பெரிய தட்டு போட்டும் 2 டெராபைட்டுக்கு மேல் காட்டாவிட்டால், பழைய வகைப் பிரிப்பு அட்டவணையே காரணமாக இருக்கலாம். அது தாங்குவது சுமார் 2.2 டெராபைட்டுதான். பழைய இணைப்புக் கருவிகளில் 3 டெராபைட்டுத் தட்டு 746 கிகாபைட்டு என்று தெரிவதும் இதைச் சார்ந்த கோளாறே. அட்டவணையை மாற்றும்போது உள்ளே இருப்பது அழிந்துபோகலாம். ஆகவே முதலில் எல்லாவற்றையும் வேறிடத்தில் நகலெடுங்கள்.

நான்காவது, மிக மலிவான தட்டைக் கண்டால் எச்சரிக்கை. 16 டெராபைட்டு என்று சொல்லி அற்ப விலைக்கு விற்கப்படும் சில பெட்டிகளில் இருப்பது ஒரு சிறிய நினைவக அட்டை மட்டுமே. திரையில் 14.5 என்று சரியான எண்ணே தெரியும். உண்மையான இடம் நிறைந்தபின் புதிதாக எழுதுவது பழையதை அழித்துவிடும், அல்லது எங்கும் பதியாமலே போகும். எண் சரியாக இருந்தால் பொருளும் சரி என்று நம்பிவிடக் கூடாது. தட்டை முழுவதும் நிரப்பி, திரும்பப் படித்துப் பார்க்கும் இலவச நிரல்கள் உள்ளன. படங்களை வைப்பதற்கு முன்பே அந்தச் சோதனையைச் செய்யுங்கள்.

திரையில் எண் குறைந்தால் அஞ்ச வேண்டாம், 0.91ஆல் பெருக்கிப் பாருங்கள். விடை பொருந்தாவிட்டாலும் எந்தப் பொத்தானையும் அழுத்தாமல், விவரம் அறிந்த பிள்ளைகளைக் கேளுங்கள். பெட்டிக்குள் இரண்டு தட்டுகள் இருந்தாலும் பெட்டி ஒன்றுதான் என்பதை நினைவில் வையுங்கள். வெள்ளமோ திருட்டோ வந்தால் இரண்டும் சேர்ந்தே போகும். முக்கியமான படங்களுக்கு இன்னொரு நகல், உறவினர் வீட்டிலாவது இருக்கட்டும். வன்தட்டைப் பணம் கொடுத்து மறுபடியும் வாங்கிக்கொள்ளலாம். இடிக்கப்பட்ட லயத்தை மறுபடியும் படம் பிடிக்க முடியாது.