டாட் காமா, டாட் இன்னா?

1976-இல் டாக்டர் ஜி. வெங்கடசாமி 11 படுக்கைகளுடன் மதுரையில் ஆரம்பித்த அரவிந்த் கண் மருத்துவமனை, இணையத்தில் ‘அரவிந்த் டாட் ஆர்க்’ என்ற முகவரியில் விளங்குகிறது. அதன் அங்கமாக 1992-இல் தோன்றி, கண்ணுக்குள் பொருத்தும் லென்ஸ்களைச் செய்து நூற்றுக்கு மேற்பட்ட தேசங்களுக்கு அனுப்பிவரும் ஆரோலேபோ, ‘ஆரோலேப் டாட் காம்’ என்ற முகவரியை வைத்திருக்கிறது. ஆரோலேபும் தர்ம டிரஸ்டே ஆயினும், அயல்நாட்டு ஆஸ்பத்திரிகளோடு கொடுக்கல் வாங்கல் செய்யும் உற்பத்தி ஸ்தாபனத்துக்கு வியாபார உலகம் பழகிப்போன ‘காம்’ அமைந்ததும், வைத்திய சேவைக்கு ‘ஆர்க்’ அமைந்ததும் உசிதமென்றே எனக்குத் தோன்றுகிறது. (பணம் கட்டினால் வட்டிக்கடைக்காரரும் ‘ஆர்க்’ பெறலாம் என்பது வேறு விஷயம், அது நற்சாட்சிப் பத்திரமன்று.)

பெயருக்குப் பின்னால் வரும் இச்சிறு சொல் நம் சொத்தன்று, ஆண்டு வாடகைக்குக் கிடைக்கும் இடமே என்பதையும், அதன் பரிபாலகர் மாறக்கூடும் என்பதையும் பலர் சிந்திப்பதில்லை. 2019 நவம்பரில், ‘ஆர்க்’ முகவரிகள் அனைத்தையும் பரிபாலிக்கும் லாப நோக்கமற்ற ஸ்தாபனத்தை ஈதோஸ் காப்பிடல் என்னும் முதலீட்டு நிறுவனத்துக்கு 113.5 கோடி டாலருக்கு விற்க ஏற்பாடாயிற்று. வாடகை உயருமே என்று அஞ்சிய சேவா சங்கங்கள் பல தேசங்களிலிருந்தும் ஆட்சேபிக்க, முகவரி நிர்வாகத்தின் தலைமை அமைப்பான ஐகான் 2020 ஏப்ரல் 30 அன்று அனுமதி மறுத்தது. ஐரோப்பிய யூனியனை விட்டுப் பிரிந்த பிரிட்டனின் வியாபாரிகளுக்கு அந்த அதிர்ஷ்டம் வாய்க்கவில்லை: 2021 பிறந்ததும் அவர்களுடைய ‘இயூ’ முகவரிகள் பல முடக்கப்பட்டன. ‘காம்’ மட்டும் நிரந்தரமா என்றால் அதுவுமில்லை. நம் தமிழ்நாட்டு மென்பொருள் நிறுவனமான சோஹோவின் ‘காம்’ முகவரியையே, மோசடி மின்னஞ்சல் பற்றிய புகார்களைக் காரணம் காட்டி, 2018 செப்டம்பரில் பதிவு நிறுவனம் தற்காலிகமாக நிறுத்திவிட்டது.

எனினும், சிங்கப்பூருக்கும் லண்டனுக்கும் சுங்குடிச் சேலை அனுப்ப உத்தேசிக்கும் மதுரை வியாபாரிக்குத் தலைமை முகவரி ‘காம்’ ஆக இருப்பதே மேல் என்பது என் அபிப்பிராயம். 2005 முதல் எவர்க்கும் எளிதில் கிடைக்கும் ‘இன்’ முகவரியைக் கண்டால், அக்கடை பிரதானமாக இந்திய வாடிக்கையாளருக்கானது என்றே கூகுள் கருதும். ஆனாலும் அதையும் வாங்கித் தலைமை முகவரிக்குத் திருப்பிவிடாவிட்டால், அதே பெயரில் வேறொருவர் கடை விரிப்பார். சோஹோ இந்தியக் கணக்குகளுக்கு ‘இன்’, ஐரோப்பியக் கணக்குகளுக்கு ‘இயூ’ என்று பிரித்திருப்பது தகவல்களை அந்தந்தப் பிரதேசத்திலேயே சேமிக்கும் பொருட்டு. சேலைக் கடைக்கு அத்தனை விஸ்தாரம் வேண்டாம். எதை வாங்கினாலும், இணையதளம் அமைத்துத் தரும் இளைஞரின் பெயரில் விட்டுவிடாமல், கடையின் பெயரிலேயே பதிவு செய்து, தவணை தவறாமல் புதுப்பித்து வாருங்கள்.