வீட்டைவிட்டுப் புறப்படும் முன்

ஊர்விட்டு ஊர் சென்று வாழ்தல் நமக்குப் புதிதன்று. உங்கள் குடும்பத்தாரும் தொழிலின் பொருட்டுத் தமிழகத்தை விட்டு வந்தவர்களே. ஊதியத்தைக் கருதாமல், முன்பின் அறியாத மக்களுக்கு உதவுவதற்காக அயல்நாடு சென்று ஆண்டுக்கணக்கில் தங்குவோரும் உலகில் உள்ளனர். புறப்படும் முன் அவர்கள் தம்மை எவ்வாறு ஆயத்தம் செய்துகொள்கின்றனர் என்பதை இப்பாடத்தில் காண்போம்.

அமெரிக்கக் குடியரசுத் தலைவர் ஜான் கென்னடி 1961 மார்ச் 1 அன்று 'பீஸ் கோர்' என்னும் தொண்டர் அமைப்பைத் தோற்றுவித்தார். இதில் சேர்வோர் பொதுவாக 27 மாதங்கள் தொண்டாற்றுவர். அவற்றுள் முதல் மூன்று மாதங்கள் பயிற்சிக்கு உரியவை. 18 வயது நிரம்பிய அமெரிக்கக் குடிமக்கள் எவரும் விண்ணப்பிக்கலாம். வயதுக்கு மேல்வரம்பு இல்லை. 1961 முதல் 1976 வரை இத்தொண்டர்கள் இந்தியாவிலும் பணியாற்றினர்.

அவர்களுள் ஒருவர் லில்லியன் கார்ட்டர். பிற்காலத்தில் அமெரிக்கக் குடியரசுத் தலைவரான ஜிம்மி கார்ட்டரின் தாயார் இவரே. கணவரை இழந்தவர், செவிலியர். தொலைக்காட்சி விளம்பரம் ஒன்றைக் கண்டு விண்ணப்பித்த இவர், சிகாகோவில் பயிற்சி பெற்று, 1966இல் தம் 68ஆம் வயதில் இந்தியா வந்தார். மும்பையை அடுத்த விக்ரோலியில் 21 மாதங்கள் நோயாளிகளுக்குத் தொண்டு செய்தார். பேரக்குழந்தைகளைப் பிரிந்து வந்த அம்மூதாட்டி, மடல்கள் வாயிலாகவே குடும்பத்தோடு உறவாடினார்.

தொண்டர்கள் செய்துகொள்ள வேண்டிய ஆயத்தங்கள் பல. முதலாவது உடல்நலம். மருத்துவரும் பல் மருத்துவரும் சோதித்துத் தகுதி வழங்குதல் வேண்டும். செல்லும் நாட்டிற்கேற்பத் தடுப்பூசிகளும் இட்டுக்கொள்ள வேண்டும். இரண்டாவது வீட்டுக் கடமைகள். கடன், வரி, வங்கிக் கணக்கு ஆகியவற்றைக் கவனிக்க நம்பிக்கைக்கு உரிய ஒருவரிடம் எழுத்து வழியாகப் பொறுப்பளித்துச் செல்வர். மூன்றாவது பயணப்பொருள். ஈராண்டு வாழ்க்கையைச் சில பெட்டிகளுக்குள் அடக்க வேண்டியிருப்பதால், எது தேவை, எது வெறும் ஆசை என்று பிரித்தறிய நேர்கிறது.

நான்காவது மொழி. நோயுற்றவர் தம் வலியைத் தம் தாய்மொழியிலேயே கூறுவார். அதனை அறியாத செவிலியர் எவ்வளவு அன்புடையவராயினும் முழுமையாக உதவ இயலாது. ஆதலின் தொண்டர்கள் பயிற்சிக் காலத்தில் பெரும்பாலும் உள்ளூர்க் குடும்பத்தாருடன் தங்கி, அவர்கள் உண்பதை உண்டு, அவர்கள் மொழியைப் பயில்கின்றனர்.

எல்லாவற்றினும் அரியது மனத்தின் ஆயத்தம். 27 மாதங்களுக்குள் வீட்டில் ஒரு குழந்தை பிறக்கலாம். ஒரு திருமணம் நிகழலாம். முதியவர் ஒருவர் மறையலாம். அப்போது உடனிருக்க இயலாமற் போகலாம். இதனைக் குடும்பத்தாருடன் மனந்திறந்து பேசிய பின்னரே முடிவெடுத்தல் நன்று. புறப்படுபவர் மட்டுமன்றி, வழியனுப்புபவரும் இத்தொண்டில் பங்கு கொள்கின்றனர்.

மாணவர்களே! வீட்டில் தமிழும் தெருவில் வேறொரு மொழியும் பேசி வளர்பவர்கள் நீங்கள். புதிய ஊரில் பிறர் வழக்கத்தை மதித்து வாழும் பயிற்சியின் ஒரு பகுதியை நீங்கள் அறியாமலேயே பெற்றுவிட்டீர்கள். அதனைப் பிறர்க்கு உதவவும் பயன்படுத்துவீர்களாக.

பயிற்சி

1. தொண்டர் தாம் செல்லும் நாட்டின் மொழியை ஏன் கற்க வேண்டும்?
2. வழியனுப்புபவரும் தொண்டில் பங்கு கொள்கின்றனர் என்பதன் பொருளை விளக்குக.
3. ஊரைவிட்டு வந்தபோது கொண்டுவந்த பொருள்கள் எவை என்று உங்கள் வீட்டுப் பெரியவரிடம் கேட்டு, ஐந்து தொடர்களில் எழுதுக.